கொழுந்தாடையில் ஊறுகாய்ப் புல்: புளிக்கணும், அழுகக் கூடாது

தை, மாசியில் கரும்பு வெட்டும்போது வயலெங்கும் கொழுந்தாடை கிடக்கும். வெட்டுற ஆட்கள் தங்கள் மாட்டுக்கு எடுத்துக்கிட்டது போக மீதி காய்ந்து, சோகையோடு சேர்ந்து எரிந்து போகும். வைகாசியில் நம்ம மாடு வெறும் வைக்கோலை மென்னுக்கிட்டு நிக்கும். அன்னைக்கு வரப்போற பசிக்கு இந்தப் பச்சையை இப்பவே சேமித்து வைக்கிற வழிதான் ஊறுகாய்ப் புல். சைலேஜ் என்றும் சொல்வார்கள்.

வேலையைச் செய்றது நாம இல்லை, லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைக்கிற அதே வகையறா, இலையிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு. காற்று இல்லாத இடத்தில் தாடையில் உள்ள சர்க்கரையை அது லாக்டிக் அமிலமாக மாற்றும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ரெண்டு லாக்டிக் அமில மூலக்கூறாகும். சத்து பெரும்பாலும் உள்ளேயே தங்கும். பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கினதும் அழுக வைக்கிற கிருமிகள் அடங்கிடும். ஈரம் அதிகமாகி, புளிப்பு ஏறத் தாமதமானால் கிளாஸ்ட்ரிடியம் முந்திக்கும். அது உண்டாக்குறது பியூட்டிரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும்.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கம். முதல் வருஷம் பனியில் நனைஞ்ச தாடையை நறுக்காமல் முழுசா, மூணு நாளா ஆற அமரக் குழியில் போட்டேன். நாற்பத்தைந்து நாள் கழித்துப் பிரித்தால் கறுப்புக் குழம்பு. பசு முகத்தைத் திருப்பிக்கிச்சு. ஏறத்தாழ ஒரு டன் எருக்குழிக்குப் போச்சு. "பேங்க்ல ஒரு லோனுக்கு எத்தனை தடவை சரிபார்ப்பீங்க?" என்றார் என் மனைவி. பதில் இல்லை.

அடுத்த வருஷம் அரை நாள் வாட விட்டு, ஒரு அங்குலத் துண்டாக நறுக்கினோம். ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்து விடுங்க. தண்ணீர் சொட்டினால் இன்னும் வாடணும். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்லப் பிரிந்தால் சரி, 65 முதல் 70 சதவீதம் ஈரம் இருக்கும்.

8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழக் குழியில் சுமார் 1,300 கிலோ பிடிக்கும். தினம் பத்து பத்து கிலோ வைத்தால் ரெண்டு பசுவுக்கு ரெண்டு மாசம் வரும். மேட்டுப் பாங்கான இடமாகப் பாருங்க. அடியிலும் பக்கத்திலும் பாலித்தீன் விரித்து, அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு மிதிக்கணும். மிதிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. ஓரங்களில்தான் காற்று ஒளிந்திருக்கும். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வெல்லம் கரைத்துத் தெளிக்கலாம். அதிகம் போட்டால் ஈஸ்ட் புகுந்து சாராய வாடை வந்திடும். ஒரே நாளில் நிரப்பி, மூடி, மேலே மண் போட்டு, எலி ஓட்டை விழுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒரு மாடு வைத்திருப்பவர் இறுக மூடும் 200 லிட்டர் டிரம்மிலும் போட்டு வைக்கலாம்.

நாற்பத்தைந்து நாளுக்கு முன்னால் பிரிக்காதீங்க. டெபாசிட்டைப் பாதியில் உடைக்கிற கதைதான்.

நல்லது மஞ்சள் கலந்த பச்சையாக, பழப் புளிப்பு வாசனையோடு இருக்கும். பூஞ்சணம் பூத்ததை எறிந்துவிடுங்க, சினை மாட்டுக்கு அறவே வேண்டாம். முதல் வாரம் ரெண்டு மூணு கிலோவில் ஆரம்பித்துக் கூட்டுங்க. தாடையில் புரதம் குறைவு. அகத்தியோ வேலிமசாலோ, கொஞ்சம் பிண்ணாக்கோ சேர்க்கணும். கறந்த பிறகு வைத்தால் பாலில் வாடை ஏறாது. தினமும் ஒரு பக்கமிருந்தே வெட்டி எடுத்து, உடனே மூடிடுங்க.