பெட்டியில 'ஹை-ஃபை'னு போட்டிருந்தா போதுமா?

ஸ்பீக்கர் வாங்கப் போற தங்கச்சிகளுக்கு அக்கா முதல்ல சொல்றது இதுதான்: அட்டைப்பெட்டியில 'ஹை-ஃபை'னு பெருசா அச்சடிச்சிருக்கிறதை நம்பிப் பணத்தை எடுக்காதீங்க. அந்தப் பேரை இன்னிக்கு யார் வேணும்னாலும் ஒட்டிக்கலாம். அது எங்கிருந்து வந்துச்சுனு தெரிஞ்சுக்கிட்டா, கடையில எதைக் கவனிக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

முழுப் பேரு 'ஹை ஃபிடெலிட்டி'. ஃபிடெலிட்டினா விசுவாசம். நம்பிக்கைங்கிற அர்த்தம் உள்ள 'ஃபிடெஸ்'ங்கிற லத்தீன் சொல்தான் அதுக்கு மூலம். யாருக்கு விசுவாசம்? பாடினவங்க குரலுக்கு, வாசிச்சவங்க வாத்தியத்துக்கு. கூட்டாம குறைக்காம அது நம்ம காதுக்கு வரணும். 1927-ல இந்தத் தொடரை உருவாக்கினது தான்தான்னு ஹெச்.ஏ. ஹார்ட்லிங்கிற பிரிட்டிஷ்காரர் பின்னாளில சொன்னார். மைக் வெச்சு இசைத்தட்டு பதியுற முறை வந்து அப்போ ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அன்னிக்கு வீட்டு கிராமபோன்ல ஊசி உரசுற இரைச்சல்தான் முன்னாடி நிக்கும். ரொம்பக் கீழ இருக்கிற ஒலியும் கேட்காது, உச்சத்துல இருக்கிற ஒலியும் கேட்காது. அந்த ஏக்கத்துல பிறந்த பேரு இது.

இரண்டாம் உலகப் போர் நேரத்துல பிரிட்டனோட டெக்கா கம்பெனிக்கு ஒரு வேலை வந்துச்சு. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் எது, பிரிட்டனோடது எதுனு சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கப் பயிற்சித் தட்டு வேணும். அந்த நுணுக்கம் தெரியணும்னா உச்ச ஒலி வரைக்கும் பதிவாகணும். ஆர்தர் ஹேடிங்கிற பொறியாளரோட குழு செஞ்ச அந்த முறைதான் அப்புறம் இசைத்தட்டுக்கும் வந்துச்சு. 1948-ல அதிக நேரம் ஓடுற எல்.பி. தட்டு வந்தது, 1950-கள்ல ஹை-ஃபை ஒரு மோகமாவே ஆயிடுச்சு. ஆளாளுக்குப் பேரை ஒட்டிக்க ஆரம்பிச்சதும், மேற்கு ஜெர்மனி 1960-கள்ல 'டின் 45500'னு குறைஞ்சபட்சத் தரத்தையே எழுதி வெச்சுது.

அதனால, பாஸ், அதாவது கீழ் ஒலி, அதிர்ந்தா ஹை-ஃபைனு நினைக்காதீங்க. பதிவுல இல்லாத பாஸைக் கூட்டிக் கொடுக்கிறதும் விசுவாசக் கேடுதான். கடைக்குப் போறப்ப உங்களுக்கு வரிக்கு வரி தெரிஞ்ச பாட்டை, நல்ல தரத்துல டவுன்லோட் பண்ணி எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் போடுற டெமோ பாட்டு வேண்டாம், அது அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்தும்னே பொறுக்கி எடுத்ததா இருக்கலாம். வாத்தியம் குறைவா, குரல் தனியாக் கேட்கிற பாட்டு நல்லது. போன்ல அம்மா குரலைக் கேட்டே 'சளி பிடிச்சிருக்கா?'னு கேட்கிற காது உங்களோடது. மனுஷக் குரல் கொஞ்சம் பிசகினாலும் அது கண்டுபிடிச்சிடும். மிருதங்கமும் போட்டுப் பாருங்க. வலந்தலைங்கிற வலது பக்கமும் தொப்பிங்கிற இடது பக்கமும் தனித்தனியாக் கேட்கணும். கேட்கிறதுக்கு முன்னாடி போன்ல, ஸ்பீக்கர்ல இருக்கிற 'பாஸ் பூஸ்ட்', 'ஈக்வலைசர்' எல்லாத்தையும் அணைச்சிடுங்க.

ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டா சத்தத்தைச் சமமா வெச்சுக் கேளுங்க. இது ரொம்ப முக்கியம். சத்தம் குறைஞ்சா நம்ம காதுக்குக் கீழ் ஒலி மத்ததைவிட அதிகமா மங்கிடும்; ஃப்ளெட்சர், மன்சன்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே இதை அளந்து காட்டிட்டாங்க. அதனாலதான் கொஞ்சம் சத்தமா வெச்ச ஸ்பீக்கர் எப்பவும் 'நல்லா' தெரியும்.

வாட்ஸ் கணக்குல 'பி.எம்.பி.ஓ.'னு, அதாவது கண நேர உச்சத்தை, ஆயிரக்கணக்குல போட்டிருந்தா கண்டுக்காதீங்க, தொடர்ந்து தர்ற சக்தியான 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவுனு கேளுங்க. '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்'னு மட்டும் இருந்தாலும் பத்தாது. பக்கத்துல, அந்த எல்லைக்குள்ள சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும்னு காட்டுற 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' மாதிரி ஒரு அளவு இருக்கணும், இல்லைனா அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூலையில தள்ளி வெச்சிடாதீங்க. ரெண்டு சுவர் சேர்ற இடத்துல பாஸ் ஊதிப்போய்க் குரலை மூடிடும். சுவரை விட்டு ஒரு அடியாவது முன்னாடி இழுத்து, உச்ச ஒலி வர்ற சின்ன பாகம், அதாங்க ட்வீட்டர், நீங்க உட்கார்ந்தா காது உயரத்துக்கு வர்ற மாதிரி வையுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரத்துல நாற்காலியைப் போடுங்க.