கடன்பட்ட வீட்டுக்கு ஒரு பாடம்



கலியாணங்களும், பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களும், பங்குத் திருவிழாவும் வந்து போனபின் அநேக வீடுகளில் மிஞ்சி நிற்பது கடன். சம்பளம் கைக்கு வருமுன்னே அதைப் பங்கு கேட்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள். கடன் வாங்காதீர்கள் என்று புத்தி சொல்வது எளிது. வாங்கியாகி விட்டது; இனி எப்படி அடைப்பது, அடைத்து முடியும் வரை எப்படி உண்டு உடுத்து வாழ்வது என்பதே அந்த வீடுகளின் கேள்வி. இந்த வாரப் பாடம் அவர்களுக்காக எழுதப்படுகிறது.

இக்கேள்விக்கு விடை சொல்லும் ஒரு வீட்டின் சரித்திரம் வேதாகமத்திலேயே உண்டு. அரசர் இரண்டாம் ஆகமத்தின் 4-ஆம் அதிகாரத்தில் முதல் 7 வசனங்களை இன்றிரவு குடும்ப ஜெபத்துக்குப் பின் வாசியுங்கள். பழைய பதிப்புகளில் அது நான்காம் அரசராகமம் எனப்படும்.

தெய்வ பயமுள்ள ஒருவர் கடனை வைத்துவிட்டு இறந்து போனார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்தான். கைம்பெண் எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஓடினாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். கொஞ்சம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த எண்ணெயை அவற்றில் வார்க்கும்படி அவர் சொன்னார். பாத்திரங்கள் எல்லாம் நிறைந்தன. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, எஞ்சியதைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைக்கும்படி அவர் கட்டளையிட்டார்.

எண்ணெயைப் பெருகச் செய்தது சர்வேசுரன். ஆனால் அந்தப் புதுமையைச் சுற்றி அந்த ஏழைத் தாய் செய்த காரியங்கள் ஐந்து. அந்த ஐந்தும் நம்மாலும் ஆகக் கூடியவை.

1. மறைக்காமல் சொன்னாள்

கடன்பட்ட வீட்டின் முதல் நோய் ஒளிவு. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் எடுத்தது கணவனுக்குத் தெரியாது. ஒருவருக்கொருவர் மறைத்து அடைக்க மூன்றாவது இடத்தில் வாங்குகிறார்கள். இவ்விதமாய் ஒரு கடன் மூன்றாகிறது. மெய்விவாகத்தில் ஒன்றான இருவருக்கு இரண்டு கணக்கு ஆகாது.

ஆகையால் முதல் வேலை இது. ஒரு மாலை, பிள்ளைகள் உறங்கியபின், இருவரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, முதல் எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு, அடகு வைத்தது என்ன என்று நான்கைந்து பத்திகள் போதும். கடைப் பாக்கியையும், சீட்டுத் தவணையையும், கைமாற்றையும் விடாதீர்கள். அன்றைக்கு ஏசவும் வேண்டாம், அழவும் வேண்டாம், எழுதினால் போதும். அறியாத கடன் ஆயிரம் பேயாய் அச்சுறுத்தும். எழுதிய கடனுக்கு ஒரு தொகை உண்டு, ஆகவே ஒரு முடிவும் உண்டு.

இதில் அசட்டையாயிருக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் தாயும் தகப்பனும் இரு பெண் குழந்தைகளும் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மனம் அவ்விதம் இருளடையும் நாளில் அந்தக் கைம்பெண்ணைப்போல் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். குருவின் வீட்டுக் கதவு அதற்காகத்தான் இருக்கிறது, இரவானாலும் தட்டலாம்.

2. வீட்டில் உள்ளதை எண்ணினாள்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று சேசுநாதர் கேட்டதை லூக்காஸ் சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குடும்பமும் அப்படியே.

உதாரணமாக, கணவனின் கூலியும் மனைவியின் தையலும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 4,500; மளிகை, காய்கறி, பால் 6,000; சமையல் எரிவாயு, மின்சாரம் 1,300; பள்ளிச் செலவு 1,500; மருந்து 500; கைப்பேசி 400; போக்குவரத்து 1,300. ஆக 15,500. ரேஷன் அரிசி 2011 முதல் நம் மாநிலத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. கடன் அடையும் வரை அதைப் பெருமைக்காக ஒதுக்க வேண்டாம். இந்த வீட்டில் மீதி 6,500 ரூபாய். அந்தத் தொகையே இவர்கள் கையிலிருக்கும் கொஞ்சம் எண்ணெய்.

எண்ணும்போது உண்மையாய் எண்ண வேண்டும். சாராயக் கடைக்கும் லாட்டரிக்கும் சூதாட்டச் செயலிக்கும் போவதை ‘இதர செலவு’ என்று எழுதி மூடாதீர்கள். அந்த வரியை அதன் சொந்தப் பெயரால் எழுதினால் பாதிக் கடனுக்கு வழி அங்கேயே தெரியும்.

3. கதவைச் சாத்தினாள்

அயலாரிடம் அவள் கேட்டது வெறும் பாத்திரம், பணம் அல்ல. பின்பு கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் பார்க்க ஒன்றும் செய்யவில்லை. நம்முடைய கடனில் பெரும் பகுதி ஊர் பார்க்கச் செய்ததால் வந்தது என்பதை மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு விருந்து, புதுநன்மைக்கு வாடகைப் பந்தல், ஓலை வாசிக்கும் முன்னே மண்டபத்துக்கு முன்பணம் என்று வட்டிக்கு வாங்குகிறார்கள். தேவதிரவிய அநுமானங்களுக்கும் இந்தச் செலவுகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஏழ்மையின் காரணமாக எவரும் தேவதிரவிய அநுமானங்களை இழந்துவிடாதபடி குரு கவனிக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848-ஆம் விதி கட்டளையிடுகிறது. வெள்ளை உடை இரவலாக இருந்தால் புதுநன்மையின் பலன் குறையாது. திருவிழா வரி கட்ட வட்டிக்கு வாங்காதீர்கள். இயலாது என்று வந்து சொல்லுங்கள், போதும்.

திருக்குடும்பத்தைப் பாருங்கள். குழந்தை சேசுவைக் கோயிலில் காணிக்கையாக்கப் போனபோது, ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கும்படி மோயீசன் சட்டம் அனுமதித்த ஒரு சோடிப் புறாவையே அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் கொடுத்தார்கள். ஏழையின் காணிக்கையை ஊரறியக் கொடுக்க அவர்கள் வெட்கப்படவில்லை.

4. கடனை முதலில் கொடுத்தாள்

தீர்க்கதரிசி சொன்ன வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடன், பிறகு சாப்பாடு. நாமோ மாதமெல்லாம் செலவழித்து, மிச்சமிருந்தால் கடன் என்கிறோம். மிச்சம் ஒருநாளும் இருப்பதில்லை. சம்பளம் வந்த அன்றே கடன் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? குழுத் தவணை, வங்கித் தவணை ஆகியவற்றைத் தவறாமல் கட்டிக்கொண்டே, மீதியை எல்லாம் வட்டி அதிகமான கடன்மேல் போடுங்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு ஆண்டுக்கு 36 ரூபாய். ஐந்து வட்டி 60. பத்து வட்டி 120. மாதக் கணக்கில் சொல்லும்போது சிறியதாய்க் கேட்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால்தான் அதன் பல் தெரியும். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். அதுவும் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு நூறைத் தாண்டும்.

நாம் சொன்ன வீட்டில் குழுத் தவணை 2,000, நகைக்கடன் வட்டி 400. இவை போக 30,000 ரூபாய் கைக்கடன் ஐந்து வட்டிக்கு இருக்கிறது. மாதம் வட்டி 1,500 மட்டும் கொடுத்துவந்தால் ஓராண்டில் 18,000 கொடுத்தபின்னும் 30,000 அப்படியே நிற்கும். மாதம் 3,500 கொடுத்தால் முதல் மாதம் 1,500 வட்டிக்கும் 2,000 முதலுக்கும் போகும். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். பன்னிரண்டாம் மாதம் 1,700-க்கும் குறைவான தொகையோடு கடன் முடிந்துவிடும். மொத்தம் கொடுத்த வட்டி 10,200-க்குள். கூடுதலாய்ப் போட்ட அந்த 2,000 ரூபாய்தான் வீட்டை விடுவித்தது.

முதலைக் கொஞ்சங் கொஞ்சமாய் வாங்கமாட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அந்த 2,000-ஐ அஞ்சலகத்திலோ குழுவிலோ சேர்த்து, ஒரு தொகையானதும் கொடுங்கள். அல்லது வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு அடகு வைத்து ஐந்து வட்டிக் கடனை ஒரேயடியாய் முடியுங்கள். நகை மீண்டும் வாங்கக் கூடியது. ஆனால் கடனை மாற்றும் அன்றைக்கு, கையோடு செலவுக்கும் கொஞ்சம் என்று கூடுதலாய் வாங்கினால் எல்லாம் வீண். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீதோ கையெழுத்தோ பெறுங்கள். முடிந்த அன்று எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்குங்கள்.

5. எஞ்சியதைக் கொண்டு வாழ்ந்தாள்

நம் உதாரண வீட்டில் 5,900 கடனுக்குப் போனபின் எஞ்சுவது 600. அதில் 500-ஐ எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல் வந்தாலே புதுக் கடன் பிறக்கும். மீதி 100 தர்மத்துக்கு. தர்மத்தை அடியோடு நிறுத்தும் வீடு சிக்கனத்திலிருந்து கருமித்தனத்துக்கு நழுவிவிடும்.

சிக்கனத்திலும் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளின் பாலையும் படிப்பையும் கடைசியில் தொடுங்கள். தகப்பனின் வெற்றிலையும் புகையிலையும், தொலைக்காட்சிக் கட்டணமும், தவணையில் வாங்கும் சாமான்களும் முதலில் நிற்கட்டும். அந்தக் கைம்பெண் தன் பிள்ளைகளைக் காக்கவே இத்தனையும் செய்தாள். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருக்கிறது. அப்படியிருக்க, கடனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவது, அடிமையாகக் கொண்டுபோக வந்தவனிடம் நாமே பிள்ளையைக் கைப்பிடித்துக் கொடுப்பதாகும். அந்த நிலை வருமுன் எங்களிடம் வாருங்கள். 1833-இல் பாரீஸ் நகரில் ஓசனாம் என்ற இளைஞரும் அவர் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிச் சென்று சந்திக்கவே ஏற்பட்டது.

வட்டிக்குக் கொடுக்கும் நம்மவர்களுக்கு

இந்தப் பாடம் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமல்ல. பூசையில் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிற அயலாருக்குப் பத்து வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் இதை வாசிக்க வேண்டும். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு என்பது மோயீசன் சட்டம். ஏழைகள் வட்டிக்காரரிடம் சிக்காதிருக்க, பிராஞ்சிஸ்கன் சபையார் 1462-இல் இத்தாலி நாட்டுப் பெரூஜியா நகரில் தர்ம அடகுக்கடை ஏற்படுத்தினார்கள். 1515-இல் லாத்தரன் பொதுச்சங்கம் அதை ஆமோதித்தது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பற்றிய நிருபத்தில் பேராசையுள்ள வட்டியைக் கண்டித்தார். நம் மாநிலத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. நியாயமான வட்டி வாங்குவது பாவமல்ல. அயலானின் நெருக்கடியையே முதலாக வைத்து வியாபாரம் செய்வது பாவம்.

சில கேள்விகளும் விடைகளும்

கடனைத் திருப்பிக் கொடுக்காதது பாவமா?
கொடுக்கக் கூடியவன் கொடாமலிருப்பதும், கொடுக்கும் எண்ணமின்றி வாங்குவதும் ஏழாம் கற்பனைக்கு விரோதமான பாவம். உண்மையாகவே இயலாதவன் பாவியல்ல. ஆனால் கடமை நீங்கிவிடாது, இயலும் காலம் வரை காத்திருக்கும். அவன் கடன்காரரைக் கண்டு ஒளியாமல், நேரில் போய்த் தவணை கேட்க வேண்டும்.

வசூலுக்கு வருகிறவர்கள் அவமானப்படுத்தினால்?
வங்கிகளும் நிதி நிறுவனங்களும் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவித்திருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே சட்ட உதவி கிடைக்கும்.

கைப்பேசியில் உடனே கடன் தருகிறார்களே?
உறவினர் நண்பர் எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும் செயலியைத் தொடாதீர்கள். பின்னால் அந்த எண்களுக்கெல்லாம் உங்களை இழிவுபடுத்திச் செய்தி போகும்.

இந்த வாரத் தீர்மானம்

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கணவனும் மனைவியும் அமர்ந்து கடன் பட்டியலை எழுதி முடிப்பது. சம்பளம் வரும் அன்றே கடன் பங்கைப் பிரித்து வைப்பது. கடன் முடியும் வரை விசேஷங்களுக்கு வட்டிப்பணம் தொடாதிருப்பது. இந்த மூன்றையும் செய்யுங்கள். எழுதிய காகிதத்தை வீட்டுச் சுரூபத்தின் அடியில் வைத்து, நாசரேத்து வீட்டைத் தச்சுக்கூலியால் காப்பாற்றிய அர்ச். சூசையப்பரை நோக்கி ஒவ்வொரு இரவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு வரியை அடித்துவிடும்போது பிள்ளைகளும் பார்க்கட்டும். அதுவும் அவர்களுக்கு ஒரு ஞானோபதேசமே.

சர்வேசுரன் உங்கள் பிரயாசையை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு