கபினிக்கரையில் நீர்நாய்

நஞ்சன்கூட்டில் கபினியாற்றங்கரையில் விடியற்காலையில் உலவிவரும் ஒருவர், நடு ஆற்றில் நான்கைந்து கரிய தலைகள் ஒருங்கே தோன்றி மறையக் கண்டால் முதலையோ என்று அஞ்சக்கூடும். முதலையாயின் கண்களும் மூக்கு நுனியுமே நீர்மட்டத்தில் தெரியும். அது பெரும்பாலும் அசையாது கிடக்கும். உருண்ட தலை, மீசை, கூட்டமாக மூழ்கி எழுதல், கீச்சென்ற குரல் ஆகியவை நீர்நாயின் அடையாளங்களாகும்.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் இப்பிராணி, பெயரில் நாயெனினும் நாயினத்தைச் சேர்ந்ததன்று. மஸ்டெலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த நீர்நாய் சுமார் 7 முதல் 11 கிலோகிராம் எடையுள்ளது. விரலிடைச் சவ்வும் தட்டையான வாலும் நீந்த உதவுகின்றன. அடர்ந்த மயிர், நீர் தோலில் படாது காக்கிறது. பிராணி கண்ணில் படாவிடினும், மணல்திட்டில் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் காணப்படின் அது வந்துபோனதை அறியலாம்.

வலையைக் கிழித்து மீனைக் கவர்வதால் மீனவர் சிலர் இதனைப் பகையாகக் கருதுகின்றனர். ஆயினும் மீன்வளம் குன்றிய ஆற்றில் இது நிலைத்து வாழாது. வெடிவைத்து மீன்பிடித்தலும் மணல் அள்ளுதலும் மீன்குஞ்சுகளையும் நீர்நாயின் வளைகளையும் ஒருசேர அழிக்கின்றன. அவ்விழப்பு மீனவருடையதுமாகும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கொல்வதைத் தடுக்கிறது. 2019 முதல் இதன் பன்னாட்டு வாணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. நீர்நாயைக் காண்போர் தொலைவில் நின்று நோக்கி, நாளையும் இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவித்தல் நலம்.