படம் எங்கே நிற்க வேண்டும்?

கணினிப் பொறியியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. எனவே இந்த ஆண்டு செய்முறைத் திட்டத்துக்காகச் செயலி ஒன்று எழுதியபோது நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை இங்கே தருகிறேன். பாடம் சின்னது. செல்போன் திரையில் ஒரு படத்தை எப்படி வைப்பது, எங்கே வைப்பது என்பதுதான் அது. 'இது ஒரு பெரிய விஷயமா' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

என் அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் விற்பவர். மாமா எண்ணூர்ப் பக்கம் பைபர் படகு வைத்திருக்கிறார். இரண்டு பேருக்குமே எழுத்து கூட்டிப் படிப்பது சிரமம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் இவர்களுக்குப் பயன்படும்படி, எழுத்தைக் குறைத்துப் படத்தை வைத்து ஒரு செயலி செய்வோம் என்று முடிவு செய்தேன். ஒரு திரையில் மீன்களின் படமும் விலையும். இன்னொரு திரையில் இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்கிற எச்சரிக்கை. ஃபேஸ்புக் நிறுவனம் 2015ல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் என்னும் கருவியில் எழுதினேன். ஒரே நிரலை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட்டலாம் என்பது அதன் வசதி.

1. சட்டமும் படமும்

திரையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. சட்டத்தின் அளவு வேறு, படத்தின் அளவு வேறு. இரண்டும் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதை 'ரீசைஸ்மோட்' என்னும் கட்டளையால் சொல்ல வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ரியாக்ட் நேட்டிவ் தானாகவே 'கவர்' என்று எடுத்துக்கொள்ளும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் வஞ்சிரம் படம் 1200 பிக்சல் அகலம், 400 பிக்சல் உயரம். நான் கொடுத்த சட்டமோ 120க்கு 120 சதுரம். இதை மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

'கவர்' என்றால் சட்டம் முழுவதும் நிரம்ப வேண்டும், மிஞ்சியதை வெட்டிவிடு என்று பொருள். உயரம் 400 என்பது 120 ஆக வேண்டுமானால் படம் 0.3 மடங்காகச் சுருங்கும். அப்போது அகலம் 360. சட்டத்தில் தெரிவது 120 மட்டும். அதாவது மீனில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தலையும் போச்சு, வாலும் போச்சு.

'கன்டெய்ன்' என்றால் படம் முழுவதும் உள்ளே அடங்க வேண்டும், இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று பொருள். அகலம் 1200 என்பது 120 ஆகும். உயரம் 40 ஆகும். மேலே 40, கீழே 40 காலியாக நிற்கும். மீன் முழுசாகத் தெரியும், ஆனால் நெத்திலி அளவுக்கு.

'ஸ்ட்ரெச்' என்றால் இழுத்துப் பொருத்து என்று பொருள். அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் மூன்று பங்கு இழுத்த மாதிரி ஆகிவிடும். வஞ்சிரம் வவ்வால் மீன் போல உப்பி நிற்கும்.

முதல் தடவை அம்மாவிடம் காட்டியபோது திரையில் இருந்தது 'கவர்' படம். அம்மா போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இன்னாடி இது? தலையுங் காணோம், வாலுங் காணோம். நடுத்துண்ட காட்டி இன்னா மீனுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? வஞ்சிரமும் ஆவலாம், சீலாவும் ஆவலாம்."

நான் படத்துக்கு அடியில் பெயர் எழுதியிருக்கிறேனே என்றேன். பேசிய பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. பெயரைப் படிக்க முடியாதவருக்காகத்தானே படம் வைத்தேன்!

இதற்குத் தீர்வு, சட்டத்தையே மீனுக்கு ஏற்ப மாற்றுவதுதான். அகலம் '100%' என்றும் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' 3 என்றும் கொடுத்தால் சட்டத்தின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்காக அமையும். எந்தப் போனிலும் அந்த விகிதம் மாறாது. வவ்வால் போன்ற வட்டமான மீனுக்கு அதே சட்டத்தில் 'கன்டெய்ன்' கொடுத்துப் பின்னணியை வெள்ளையாக விட்டேன். இணையத்திலிருந்து வரும் படமாக இருந்தால் அளவைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படமே தெரியாது. என் நண்பர்கள் இரண்டு பேர் இதற்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

2. டிபி என்னும் அளவு

அடுத்து, 120 என்று எழுதுகிறோமே, அது எதில் 120? பிக்சல் அல்ல. 'டிபி' என்னும் அலகு. ஒவ்வொரு போனிலும் ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பது மாறும். 160 பிக்சல் இருந்தால் 1 டிபி என்பது 1 பிக்சல். 320 இருந்தால் 1 டிபி என்பது 2 பிக்சல். 480 இருந்தால் 3 பிக்சல். எனவே பிக்சல் எண்ணிக்கையை இந்த மடங்கால் வகுத்தால் டிபி கிடைக்கும்.

நான் சோதித்துப் பார்த்த தோழியின் போன் 1080க்கு 2400 பிக்சல், அங்குலத்துக்கு 480. மூன்றால் வகுத்தால் 360க்கு 800 டிபி. மாமாவின் பழைய போன் 720க்கு 1280 பிக்சல், அங்குலத்துக்கு 320. இரண்டால் வகுத்தால் 360க்கு 640 டிபி. அகலம் இரண்டிலும் ஒன்றேதான். உயரத்தில் மட்டும் 160 டிபி குறைவு. இந்த 160தான் என்னைக் கவிழ்த்தது. எப்படி என்று சொல்கிறேன்.

3. இடம் மாறினால் பொருள் மாறும்

நம் பகுதி மக்களுக்குப் புயல் கூண்டு பற்றித் தெரியாமல் இருக்காது. துறைமுகத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவார்கள். நம் நாட்டில் இந்த முறை முதன்முதலில் 1865ல் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்கியது. மொத்தம் 11 எண்கள். 5ஆம் எண் என்றால் புயல் துறைமுகத்தைத் தன் பாதைக்கு இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும். 8, 9, 10 என்பவை அதே வரிசையில் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எழுத்து ஒன்றுகூட இல்லாமல், உயரமான ஓர் இடத்தில் வைத்த உருவங்களாலேயே இவ்வளவும் சொல்லப்படுகிறது. கூண்டைக் கிடங்குக்குப் பின்னால் ஏற்றினால் யார் பார்ப்பது?

நான் செய்தது ஏறக்குறைய அதுதான். எச்சரிக்கைக்காக 96 டிபி உயரத்தில் சிவப்புக் கூம்புப் படம் ஒன்று வரைந்தேன். அதை எங்கே வைப்பது?

ரியாக்ட் நேட்டிவில் இரண்டு வழி உண்டு. ஒன்று வரிசை முறை. பிள்ளைகள் பிரேயரில் நிற்பது போலப் பொருள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 'ஜஸ்டிபை கன்டென்ட்' என்பது மேலிருந்து கீழாக எப்படிப் பரப்புவது என்பதையும், 'அலைன் ஐட்டம்ஸ்' என்பது இடமா, வலமா, நடுவா என்பதையும் சொல்லும். இரண்டாவது விலகல் முறை. 'பொசிஷன்' என்பதற்கு 'அப்சொல்யூட்' என்று கொடுத்தால் அந்தப் படம் வரிசையை விட்டு வெளியே வந்துவிடும். தாய்ப்பெட்டியின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இடம், வலம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நான் 'அப்சொல்யூட்' போட்டு, 'டாப்' 600 என்று கொடுத்தேன். தோழியின் போனில் திரையின் உயரம் 800. கூம்பு 600ல் தொடங்கி 696ல் முடிந்தது. பார்க்க ஜம்மென்று இருந்தது. மாமாவின் போனில் உயரம் 640. அதிலும் அடியில் மூன்று பட்டன் உள்ள பட்டை 48 டிபியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 592. என் கூம்பு தொடங்குவதே 600ல். ஆக, ஒரு நுனிகூடத் தெரியவில்லை.

அன்று நான் அனுப்பியது சோதனை எச்சரிக்கைதான். சாயங்காலம் மாமாவிடம் "பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"பாத்தேம்மா. ஒண்ணும் வரல. ஒண்ணும் வரலன்னா போலாம்னுதானே அர்த்தம்?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு இந்தச் செயலியை நம்பி யாராவது படகைத் தள்ளியிருந்தால்? படம் தெரியாமல் போவது வேறு, படம் இல்லை என்று பொருள்படுவது வேறு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு திருத்தினேன். எச்சரிக்கைப் படத்தை விலகல் முறையிலிருந்து எடுத்து, வரிசையில் முதல் ஆளாக, திரையின் உச்சியில் நிறுத்தினேன். கேமராத் துளை, பட்டன் பட்டை ஆகியவை மறைக்காதபடி 'ஸேஃப் ஏரியா' பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்தேன். கடல் அமைதி என்றால் காலியாக விடாமல் பச்சை வட்டம் ஒன்று காட்டும்படி செய்தேன். சிவப்பு பச்சை பேதம் தெரியாத கண்கள் உண்டு என்பதால் நிறத்தோடு உருவமும் மாறுகிறது. இரண்டுமே தெரியவில்லை என்றால் செயலி கெட்டுவிட்டது என்று மாமாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். புயல் கூண்டின் 11ஆம் எண்ணிலிருந்து நான் எடுத்துக்கொண்ட யோசனை இது.

4. வரைபடத்தின் மேல் படகு

'அப்சொல்யூட்' கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் வர வேண்டுமானால் அதுதான் வழி. மேலே எது, கீழே எது என்பதை 'இஸட் இண்டெக்ஸ்' தீர்மானிக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் வரைபடம். தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்னும் செயலியை உருவாக்கியது. முதலில் பட்டன் போன்களில் வந்தது, பின்னர் ஆண்ட்ராய்டுக்கு மாறியது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் ஆகிய செய்திகளும், சர்வதேசக் கடல் எல்லை பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. இப்படிப்பட்ட ஒரு செயலியில் வரைபடத்தின் மேல் படகுப் படம் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படகின் எந்தப் புள்ளி அந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் உட்கார வேண்டும்? இதற்கு 'ஆங்கர்' என்று பெயர். நங்கூரம் என்றே சொல்லலாம். குண்டூசி போன்ற படத்துக்கு நங்கூரம் அடி நுனியில் இருக்க வேண்டும். படகுக்கு நடுவில் இருக்க வேண்டும். 40 டிபி உயரமுள்ள படகுப் படத்தை நுனியில் நங்கூரமிட்டால் படகின் நடு 20 டிபி மேலே தள்ளித் தெரியும். 1 டிபி 50 மீட்டரைக் குறிக்கும் வரைபடமானால் அது 1000 மீட்டர், ஒரு முழுக் கிலோமீட்டர் பிழை. இராமேசுவரத்து மீனவருக்கு எல்லைக் கோட்டருகே ஒரு கிலோமீட்டர் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

5. படத்தின் எடை

கடைசியாக ஒன்று. போனில் எடுக்கும் படம் 4000க்கு 3000 பிக்சல் என்று வைப்போம். ஒரு பிக்சலுக்கு 4 பைட். முழுதாக விரித்தால் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 48 எம்பி நினைவகம். இருபது மீன் என்றால் 960 எம்பி. மாமாவின் போன் அப்படியே படுத்துவிடும். என் சட்டமோ 328 டிபி அகலம், ஏறக்குறைய 109 உயரம். மாமாவின் போனுக்கு 656க்கு 219 பிக்சல் போதும். அதற்கு வேண்டியது 5,74,656 பைட். ஒரு எம்பி கூட இல்லை. எனவே படத்தைச் செயலியில் சேர்க்கும் முன்பே வெட்டிச் சுருக்கி வையுங்கள். மீனைக் கழுவி, செதில் எடுத்துக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

முடிவுரை

திருத்திய செயலியை அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன். விரலால் தள்ளிக்கொண்டே "வஞ்சிரம், சீலா, சங்கரா, வவ்வாலு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. செய்முறைத் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணை விட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை வைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முழுசாகத் தெரிகிறதா? சின்னப் போனிலும் தெரிகிறதா? தெரியாவிட்டால் பார்ப்பவர் என்ன நினைத்துக்கொள்வார்? லேபில் இருக்கும் நல்ல போனில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். உங்கள் தெருவிலேயே பழைய போன், கீறல் விழுந்த போன் எது என்று தேடி வாங்கி, வெயிலில் நின்று அதில் ஓட்டிப் பாருங்கள். நாம் எழுதுவது அந்தப் போனை வைத்திருப்பவருக்காகத்தான்.