சாக்லேட் தட்டோடு வகுப்பு வகுப்பாக

அன்புள்ள தம்பிக்கு,

சிங்காரப்பேட்டையில் பிறந்தநாள் டெக்கரேஷன் வேலையைத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். முதலில் இரும்பு வளைவு வாங்கலாமா, எல்.ஈ.டி. எழுத்து வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பந்தலும் மைக் செட்டும் போட்டுப் பிழைத்தவன் சொல்கிறேன். சாமான் கிடங்கில் சும்மா கிடந்தால் மனசு கேட்காது. வேண்டாத வீட்டிலும் அதைக் கட்டிவிட்டுக் காசு கேட்போம்.

உன்னிடம் வருகிறவர்களில் பலர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருகிறவர்கள். வந்ததும் போனை எடுத்துப் படம் காட்டாதே. படம் பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் வட்டிக்கு வாங்குவார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேள். மாதக் கடைசியில் பிறந்தநாள் வந்தால், அன்றைக்குக் கோயிலில் அர்ச்சனை ஆகட்டும். விருந்தைச் சம்பளம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளச் சொல். அப்பனும் வீட்டில் இருப்பான்.

நீ பள்ளிக்கூடத்தில் கொண்டாடிய பிறந்தநாள் நினைவிருக்கிறதா? எல்லாரும் யூனிஃபார்மில் இருக்க, நீ மட்டும் கலர் டிரஸ். சாக்லேட் தட்டோடு வகுப்பு வகுப்பாகப் போக, துணைக்கு ஒருத்தனைக் கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே சண்டை நடந்திருக்கும். டீச்சருக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒன்று. அன்றைக்கு நீதான் கொடுக்கிறவன். அந்தப் பெருமை எந்த கேக்கிலும் கிடையாது. நம் விருந்துகளிலோ, மினுமினுக்கும் துணி உடம்பைக் குத்த, குழந்தை மேடையில் நிற்கும். பெரியவர்கள் அதன் வாயில் கேக்கைத் திணித்துப் படம் எடுப்பார்கள். ஒரு வயசுக் குழந்தையாக இருந்தால் பாதியில் தூங்கிவிடும். அதனால் விருந்தை அந்தச் சாக்லேட் தட்டிலிருந்து யோசித்துப் பார். சுண்டலை அந்தப் பிள்ளையே பங்கிடட்டும். விளையாட்டை அதுவே தொடங்கட்டும்.

கணக்குக்கு வருகிறேன். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கேக் போதும், ஆளுக்கு 40 கிராம் வரும். அதற்கு மேல் கொடுத்தால் கிரீமை வழித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடுவார்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது, அதுவே எல்லாருக்கும் சுண்டல். மாம்பழ சீசன் என்றால் நம் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம்: கிளிமூக்கைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்தால் கேக் பக்கம் ஒருத்தரும் போகமாட்டார்கள்.

அலங்காரத்துக்கு, கோயில் திருவிழாவுக்குச் செய்வதுபோல, கலர் பேப்பரை வெட்டிச் சணல் கயிற்றில் மைதா பசை தடவி ஒட்டு. முதல் நாள் சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அவர்களே ஒட்டிவிடுவார்கள். விருந்தின் பாதி சந்தோஷம் அங்கேயே வந்துவிடும். கூலி மிச்சம் என்பது வேறு விஷயம். தெர்மாகோல் பக்கம் போகாதே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப்புக்கும் தடை. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாகோலுக்கும் பலூனின் பிளாஸ்டிக் குச்சிக்கும் நாடு முழுக்கத் தடை. தையல் இலை இருக்கிறது, பாக்குமட்டைத் தட்டு இருக்கிறது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒரு விருந்தில் மெழுகுவத்தி எரியும்போதே, நான் விற்ற நுரை ஸ்பிரேயைப் பையன்கள் அடித்தார்கள். அந்த டப்பாவில் நுரையைத் தள்ள அடைத்திருப்பது எரிகிற வாயு. பக்கென்று பிடித்தது. ஒரு பெண் குழந்தையின் முன்முடி கருகியதோடு போனது. யாரும் என்னைத் திட்டவில்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றோடு அதை விற்பதை நிறுத்தினேன்.

ரிட்டர்ன் கிஃப்ட் என்று யாராவது பேச்சை எடுத்தால், முறுக்கு இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொல். அதைவிட முக்கியம், வருகிறவர்கள் கொண்டுவரும் பரிசு. வாங்கித் தர வழியில்லாத வீட்டுப் பிள்ளை, காய்ச்சல் என்று சொல்லி வராமலே இருந்துவிடும். பரிசு வேண்டாம் என்று கூப்பிடும்போதே பிறந்தநாள் பிள்ளையின் அம்மாவைச் சொல்லச் சொல். மொய் எழுதிப் பழகிய ஊர், முதலில் முகம் சுளிப்பார்கள்.

நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிடு. ஊத்தங்கரை, செங்கம் பக்கத்திலிருந்து வந்த சொந்தங்கள் பஸ் பிடிக்க வேண்டும். எல்லாரும் போன பிறகு, நீ கிளம்புமுன் வெடித்த பலூன் துண்டுகளை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளு. தவழ்கிற குழந்தை கண்ணில் பட்டதை வாயில் போடும், அந்த ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். துடைப்பத்தை அந்த வீட்டில் கேட்காதே, உன் வண்டியிலேயே ஒன்று வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்