சாகெல்வா நலமா? – சிற்றாறு ஒன்றின் உடல்நிலையை அறிதல்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிகாலத்தில் மட்டும் பெருகிக் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்றே எமக்கு ஆறு. ஆகவே நீரின் நலத்தை நாம் கிணற்றில் பார்த்தே பழகினோம். எட்டிப் பார்க்கையில் அடி தெரிந்தால் அது நல்ல நீர். அந்தத் தெளிந்த நீரிலேயே, தோட்டத்து உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கசிந்த நைத்திரேற்று கலந்திருந்ததைக் கண் காணவில்லை, ஆய்வுகூடமே காட்டிற்று.

நீங்கள் வாழும் ஸ்ட்ரோம்மனிலோ ஓர் ஆறு வற்றாது ஓடுகின்றது. லோரன்ஸ்கூகிலுள்ள லாங்வன்னெ ஏரியின் நீர் இறங்கிவந்து, இவ்வூரில் சாகெல்வா என்னும் பெயர் பெற்று, நீத்தெல்வா ஆற்றிற் கலக்கின்றது. ‘சாக்’ என்பது மரம் அரியும் வாள். இதன் வீழ்ச்சிகளின் விசையால் முற்காலத்தில் மர ஆலைகள் இயங்கின. 1873 இல் தொடங்கிய ஸ்ட்ரோம்மன்ஸ் வார்க்ஸ்டெட் தொழிற்சாலை பிற்காலத்தில் புகையிரதப் பெட்டிகள் செய்து பெயர் பெற்றது. இவ்வாறு நெடுங்காலம் உழைத்த ஆறு இன்று நலமாயிருக்கின்றதா என்று எவ்வாறு அறிவது?

நிறத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. ரூமெரிக்கே நிலத்தின் பெரும்பகுதி பனியுகத்தின் முடிவில் கடலடியாய் இருந்தது. அக்கடற் களிமண் மழைக்குக் கரைந்து நீரைக் கலங்கச் செய்கின்றது. கலங்கிய நீரெல்லாம் நோயுற்றதன்று. தெளிந்த நீரெல்லாம் நலமுள்ளதுமன்று. போத்தலில் நீர் எடுத்துச் சோதித்தாலோ, அந்த வேளையின் செய்தி மட்டுமே கிடைக்கும். நேற்றிரவு குழாயொன்று உடைந்து கழிவு பாய்ந்திருந்தால், காலையில் எடுத்த போத்தல் அதனை அறியாது.

அறிந்தவர்கள் கற்களுக்கு அடியில் இருக்கின்றார்கள். பூச்சிகள் சில, குடம்பி எனப்படும் இளம் பருவத்தை ஆற்றின் அடியிலே மாதக்கணக்கில், சில ஓராண்டுக்கு மேலாகவும், கழிக்கின்றன. மீனைப் போல் அவற்றால் விரைந்து விலகிச் செல்ல முடியாது. கழிவு பெருகினால் அதனைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிட்டுவிடும். முதலில் மறைவது, உங்கள் நோர்வேஜியப் பாடநூல் ‘ஸ்டைன்ஃப்ளுவெ’ என்னும் கல் ஈயின் குடம்பி. அதற்கு வால் இரண்டு. ‘டோக்ன்ஃப்ளுவெ’ என்னும் ஒருநாள் ஈயின் குடம்பிக்குப் பெரும்பாலும் வால் மூன்று. வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசையும். அட்டைகளும் புழுக்களும் அழுக்கைத் தாங்குவன. கடியாத நுளம்பு போன்ற ஒரு பூச்சியின் குடம்பி குருதிச் சிவப்பாயிருக்கும்; அதன் உடலிலும் ஈமோகுளோபின் உள்ளமையால் குறைந்த ஒட்சிசனிலும் அது வாழும்.

இவற்றைப் பிடிக்கும் முறை எளிது. ஆற்றோட்டத்தை எதிர்நோக்கி வலையைப் பிடித்து, அதன் வாயிலுக்கு முன்னேயுள்ள கற்களைக் காலால் உதைத்துக் கிளற வேண்டும். நோர்வேயின் முறைப்படி ஒரு மீற்றருக்கு 20 செக்கன். ஒன்பது மீற்றருக்கு மூன்று நிமிடம். பின்பு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் பல பூச்சிகள் சிறகு பெற்றுப் பறந்துவிடுமாகையால் இளவேனிலும் இலையுதிர்காலமும் ஏற்றவை. முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்கற்க. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட ஒரு முறையில், ஒவ்வொரு விலங்குக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி உண்டு. தூய நீரை நாடுவனவற்றுக்கு 10, புழுவுக்கு 1. எத்தனை பூச்சி என்பது பொருட்டன்று, எத்தனை குடும்பம் என்பதே பொருட்டு. ஓரிடத்தில் எட்டுக் குடும்பங்கள் கிடைத்தன எனக் கொள்வோம்: 10, 10, 7, 7, 5, 4, 2, 1. கூட்டுத்தொகை 46, சராசரி 5.75. நோர்வேயின் அளவுகோலில் 6.8 இற்கு மேல் மிக நன்று, 6.0 வரை நன்று, 5.2 வரை நடுத்தரம், 4.4 வரை மோசம், அதற்குக் கீழ் மிக மோசம். எனவே இது நடுத்தரம். 2007 இல் நடைமுறைக்கு வந்த நீர் ஒழுங்குவிதி ‘நன்று’ என்னும் நிலையையே பொது இலக்காகக் கொண்டமையால், இங்கே எவரேனும் ஏதேனும் செய்தாக வேண்டும்.

இப்போது அதே இடத்தில் ஓரிரவு கழிவு பாய்ந்து, முதல் நான்கு குடும்பங்களும் அழிந்தன என்க. எஞ்சியவை 5, 4, 2, 1. கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள், விடை 3. மறுநாள் நீர் தெளிந்து ஓடலாம். தட்டு அந்த இரவைச் சொல்லிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வந்த நாட்டில் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் பழகியவர்கள் நாம்; நானும் அவ்வாறே இருந்தேன். ஆற்றில் எண்ணெய் படர்ந்தாலோ மீன்கள் செத்து மிதந்தாலோ 110 என்னும் எண்ணுக்கு அறிவிப்பது இந்நாட்டில் முறைப்பாடன்று, வழக்கம். மொழி தடையென்றால் பிள்ளை பேசட்டும். நீங்கள் அருகில் நில்லுங்கள்.

தட்டைப் பார்த்து முடித்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வலையை நன்கு உலர்த்திய பின்னரே வேறோர் ஆற்றில் இடுங்கள். ஈரவலையோடு நோய்க்கிருமியும் பயணம் செய்யும். புரட்டிய கற்களையும் முன்பிருந்தவாறே வையுங்கள். அவற்றின் அடியில் வீடு கட்டியிருப்பவை உண்டு.