பெட்டியில் 1000 வோட், மீற்றரில் 98!



வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கென்று எல்.ஈ.டி. விளக்குகள் இப்போது எங்கும் விற்பனையாகின்றன. என் கடையிலும் விற்றேன். அந்த விளக்கில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுத்தந்தவர் முரசுமோட்டையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர். வாங்குவோருக்கும் விற்போருக்கும் பயன்படும் என்பதால் அந்தப் பாடத்தை இந்த வாரம் எழுதுகிறேன்.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பிச் சில கிலோமீற்றர் போனால் முரசுமோட்டை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல் ஊர். அந்தத் தம்பி மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுப் போட்டு அயல் விவசாயிகளுக்குக் கொடுப்பவர். மாரி மழை இறங்கினால் திறந்தவெளி நாற்றுமேடை தப்பாது. 2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சி மாவட்டத்தைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஓர் அறையில் மேடை அடித்து, நாற்றுத்தட்டுகளை உள்ளே வைத்து, விளக்கில் வளர்க்கலாம் என்று நினைத்து என்னிடம் வந்தார். ஊதா நிறத்தில் எரியும் விளக்கு ஒன்றைக் கொடுத்தேன். பெட்டியில் "1000 வோட்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். 1000 வோட் ஆயிற்றே என்று ஆறடி உயரத்தில் தொங்கவிட்டு, நீளமான மேடை முழுவதற்கும் அது ஒன்றே போதும் என்று இருந்திருக்கிறார். நாற்றுகள் வெளிறி, நூல்போல நெடுத்து, சாய்ந்துவிட்டன. விவசாயிகளிடம் முற்பணமும் வாங்கியாயிற்று. கையோடு, பிளக்கில் செருகி மின்பாவனையை அளக்கும் சிறிய மீற்றரையும் கொண்டு வந்திருந்தார். என் முன்னாலேயே விளக்கைப் போட்டுக் காட்டினார். 98 வோட்!

"பெட்டியில அப்படித்தானே தம்பி போட்டிருக்கு" என்றேன்.

"பெட்டிக்காரனையோ நானா நான் நம்பினனான்? உங்களையெல்லோ நம்பினனான்" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பொருளில் குறை இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. மார்க்கச் சட்டத்தில் அதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். ஆனால் நாற்றும் பருவமும் போனது போனதுதான்.

பொய் எங்கே நுழைகிறது?

விளக்கில் 100 எல்.ஈ.டி. குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 10 வோட் தாங்கும் என்று கணக்குப் போட்டு, 100ஐப் பத்தால் பெருக்கி 1000 என்று அச்சிடுகிறார்கள். உண்மையில் அப்படி எரித்தால் குமிழ் கருகிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் ஒரு வோட் அளவிலேயே எரிய விடுகிறார்கள். சில பெட்டிகளில் பழைய சோடிய விளக்கின் 1000 வோட்டுக்கு "ஈடானது" என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டுமே வாங்குபவரை ஏமாற்றும் எண்தான்.

மீற்றர் இல்லாதவர்களும் சோதிக்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்த விளக்கை மட்டும் 10 மணித்தியாலம் எரிய விடுங்கள். மின்மானியில் ஓர் அலகு ஓடினால் அது 100 வோட் விளக்கு. உண்மையான 1000 வோட் என்றால் 10 அலகு ஓடியிருக்க வேண்டும்.

செடிக்கு எது வெளிச்சம்?

வோட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிகப் பிரகாசம். லூமனை வைத்துச் செடி விளக்கு வாங்குவது, பாலை முழக்கோலால் அளப்பது போன்றது. செடி உணவு தயாரிக்க முக்கியமாக எடுத்துக்கொள்வது 400 முதல் 700 நானோமீற்றர் வரையுள்ள ஒளியை. அந்த ஒளித் துகள்களை எண்ணும் அலகு மைக்ரோமோல்.

மூன்று விடயத்தை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது, விளக்கு ஒரு செக்கனில் எத்தனை மைக்ரோமோல் தருகிறது? அதை உண்மையான வோட்டால் வகுத்தால் விளக்கின் தரம் தெரியும். நல்ல விளக்கு ஒரு வோட்டுக்கு 2.5 அல்லது அதற்கு மேல் தரும். மலிவான ஊதா விளக்குகளில் பல 1 முதல் 1.5 வரைதான்.

இரண்டாவது, செடியின் மேல் எவ்வளவு விழுகிறது? ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 100 முதல் 300 மைக்ரோமோல் வரை நாற்றுக்கு வேண்டும். நம் நாட்டு உச்சி வெயிலில் இது 2000 அளவுக்குப் போகும்.

மூன்றாவது, எத்தனை மணித்தியாலம்? நாற்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் போதுமானது. கூட எரித்தால் கூட வளரும் என்று இரவு பகலாக எரிய விடக்கூடாது. தக்காளி, கத்தரி இலைகள் மஞ்சளடித்துக் கெட்டுவிடும்.

ஒரு கணக்கு

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலமான தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 0.74 சதுர மீற்றர். 200 மைக்ரோமோல் வேண்டுமென்றால் 148 வருகிறது. பக்கவாட்டில் சிதறி வீணாவதையும் சேர்த்து 185 என்று வைப்போம். 2.5 தரமுள்ள விளக்கு என்றால் 74 வோட் போதும். 1.2 தரமுள்ள விளக்கு என்றால் 154 வோட் வேண்டும். 16 மணித்தியாலம் எரித்தால் முதலாவதற்கு மாதம் ஏறத்தாழ 36 அலகு. இரண்டாவதற்கு 74 அலகு. நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு, பாவிக்கும் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. மலிவு விளக்கில் மிச்சம் பிடித்த காசு மின்பட்டியலில் போய்விடும்.

நிறமும் பொருத்தமும்

ஊதா நிறம்தான் செடிக்கு நல்லது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இலை நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சுவது உண்மை. ஆனால் பச்சை ஒளியும் ஒளித்தொகுப்புக்குப் பயன்படுகிறது என்று 1972இலேயே மக்ரீ என்ற ஆய்வாளர் அளந்து காட்டிவிட்டார். இன்றைய நல்ல விளக்குகள் வெள்ளை எல்.ஈ.டி.யும், 660 நானோமீற்றர் சிவப்பும் கலந்தவை. வெள்ளை ஒளியில் இலையின் உண்மை நிறம் தெரிவதால் நோயையும் பூச்சியையும் நேரத்தோடு காணலாம். நீலம் போதியளவு இருந்தால் நாற்றுக் குட்டையாக, தண்டு தடிப்பாக நிற்கும்.

சிறிய அளவில் செய்பவருக்குச் சாதாரண 20 வோட் வெள்ளை எல்.ஈ.டி. குழாய் விளக்குகளே முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். மேலே சொன்ன அளவுத் தட்டுக்கு நான்கு குழாய்களை, நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டினால் சரி. வளர வளர உயர்த்த வேண்டும். அறைக்குள் ஈரம் இருக்கும் என்பதால் வயர், பிளக், ஏர்த் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நாற்றை வயலுக்குக் கொடுக்கும் முன் ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும்.

வாங்குமுன் ஒரு கேள்வி

உங்களுக்கு இந்த விளக்கு உண்மையில் வேண்டுமா? அல்லாஹ் வன்னி மண்ணுக்கு வெயிலை இலவசமாகக் கொடுத்திருக்கிறான். காய்க்கும் செடியை முழுக்க விளக்கில் வளர்ப்பது கட்டுபடியாகாது. அமெரிக்காவில் கட்டடத்துக்குள் கீரை வளர்த்துப் பெயர்பெற்ற ஏரோபார்ம்ஸ் நிறுவனமே 2023 ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. மழை மறைப்புக்கு வெளிச்சம் புகும் பொலித்தீன் கூரை போட்டாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். மாரி இருட்டில் நாற்றுக்காக மட்டும், அளவோடு, விளக்கு வாங்கலாம்.

இந்தப் புத்தியை வாடிக்கையாளருக்குச் சொன்னால் வியாபாரம் குறையாதா என்று சக வியாபாரிகள் கேட்கலாம். ஒரு விளக்கு குறையும். அதே ஆள் ஆயுளுக்கும் உங்கள் கடைக்கு வருவார்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நாம் அறிந்ததே. மழை நனைத்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர் மழையைக் காரணம் சொன்னார். நான் பெட்டியைக் காரணம் சொன்னேன். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு எச்சரித்த அளவை மோசடி தராசோடு முடிந்துவிடவில்லை. பெட்டியில் உள்ள பொய் எண்ணை வாயால் திருப்பிச் சொல்வதும் அதே கணக்கில் வரும் என்றே நான் அஞ்சுகிறேன்.

இப்போது என் கடை மேசையில் அந்தச் சிறிய மீற்றர் ஒன்று இருக்கிறது. எந்த விளக்கையும் அதில் போட்டுக் காட்டி, வரும் எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறேன். அடுத்த மாரிக்கு முன் முரசுமோட்டைத் தம்பியும் வந்தார். குழாய் விளக்குகள்தான் வாங்கினார். விலை கேட்க முன், "மீற்றரில போடுங்கோ நானா, பார்ப்பம்" என்றார். போட்டுக் காட்டினேன்.